சாப்பிட்டது ஏன் உடம்பில் ஒட்டுவதில்லை?

“மேடம், டியூப் வழியா வேளாவேளைக்குப் போயிட்டுத்தான் இருக்கு. ஆனா அப்பா கையைப் பாருங்க, குச்சியா ஆயிட்டே வருது. உள்ள போறது எதுவும் உடம்புல ஒட்டலியே. சத்து ஊசி ஏதாவது இருந்தா போடச் சொல்லுங்களேன்.”

ஐ.சி.யூ. வாசலில் இதைக் கேட்டவருக்கு முப்பது வயது இருக்கும். அப்பாவுக்குக் குடலில் ஓட்டை விழுந்து, வயிறு முழுக்கச் சீழ் பரவி, அறுவை சிகிச்சை முடிந்து அன்று ஒன்பதாவது நாள். நான் அந்த மருத்துவமனையில் டயட்டீஷியன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், கேள்வியை மாற்றவில்லை. அதைப் பல வாசல்களில் பல பேர் கேட்டிருக்கிறார்கள்.

உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஏன் ஒட்டவில்லை என்பது ஒன்று. ஒட்டவைக்க மருந்து உண்டா என்பது மற்றொன்று. முதலாவதற்கு மருத்துவம் பெருமளவு பதில் கண்டுவிட்டது. இரண்டாவதில் கையைச் சுட்டுக்கொண்டது. அந்தச் சூட்டைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் ‘வளர்சிதை மாற்றம்’ என்று படித்திருப்போம். மனப்பாடம் செய்து ஒரு மதிப்பெண் வாங்கியதோடு மறந்தும் போயிருப்போம். நல்ல சொல் அது. வளர், சிதை என்று இரண்டு எதிரெதிர் வேலைகளையும் ஒரே சொல்லுக்குள் அடைத்து வைத்திருக்கிறது. உடம்பில் இந்த இரண்டும் ஒரே நேரத்தில், ஒரு நொடியும் நிற்காமல் நடக்கின்றன. ஆரோக்கியமான ஒருவர் உடலில் தினமும் ஏறத்தாழ 250 முதல் 300 கிராம் புரதம் உடைக்கப்பட்டு, ஏறத்தாழ அதே அளவு மறுபடி கட்டப்படுகிறது. நாம் சாப்பிடுவது நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது கிராம்தான். அதாவது உடம்பின் கட்டட வேலைக்குப் பெரும்பாலும் பழைய செங்கல்லே திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. வெளியிலிருந்து வருவது சேதாரத்துக்கு ஈடு.

அப்படியானால் ‘ஒட்டுவது’ என்பது தட்டில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததாக இருக்க முடியாது. கட்டு என்ற உத்தரவும் இடி என்ற உத்தரவும் எந்த விகிதத்தில் வருகின்றன என்பதையும் பொறுத்தது. இந்த உத்தரவுகளைக் கொண்டு போவதில் ஹார்மோன்களுக்கும் வளர்ச்சிக் காரணிகளுக்கும் பெரிய பங்கு உண்டு.

ஹார்மோன் ஒரு சுரப்பியில் பிறந்து, ரத்தத்தில் ஏறி, உடம்பு முழுக்கப் போகும். ஊருக்கே கேட்கும் தண்டோரா மாதிரி. வளர்ச்சிக் காரணிகள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் சொல்லி அனுப்பும் சேதி: ஒரு செல் சுரந்து பக்கத்துச் செல்லைப் பெருகவோ, ஆறவோ, வளரவோ சொல்கிறது. இந்த எல்லைக்கோடு அவ்வளவு கறாரானதும் இல்லை. இரண்டு வேலையும் பார்ப்பவர்கள் உண்டு.

கட்டச் சொல்லும் தரப்பில் முதலில் இன்சுலின். சர்க்கரையைக் குறைக்கும் மருந்தாக மட்டும் நமக்கு அறிமுகமானதால், அது உடம்பின் முக்கியமான கட்டுமான ஹார்மோன் என்பது பலருக்கும் தெரிவதில்லை. தசை உடைவதைத் தடுப்பதும், புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்களைத் தசைக்குள் சேர்ப்பதும், கொழுப்பைச் சேமிப்பதும் இதன் வேலை. இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைகள் எவ்வளவு சாப்பிட்டாலும் எலும்பும் தோலுமாகிப் போனதற்குக் காரணம் இதுதான். அடுத்தது மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன். இதன் வேலையில் பெரும்பகுதி நேரடியாக நடப்பதில்லை. இது போய்க் கல்லீரலைத் தட்டும், கல்லீரல் ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கும். கட்டட வேலையை அது பார்த்துக்கொள்ளும். ஐ.ஜி.எஃப்.-1 அமைப்பில் இன்சுலினுக்கு உறவுக்காரன். பெயரிலும் ‘இன்சுலின் போன்ற’ என்ற அடைமொழி உண்டு. பிறகு டெஸ்டோஸ்டிரோன்.

இடிக்கச் சொல்லும் தரப்பில் கார்டிசால், குளுக்ககான், அட்ரினலின் மூவரும் இருக்கிறார்கள். கடும் நோயில் இவர்களோடு எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் சைட்டோகைன்களும் சேர்ந்துகொள்கின்றன. அப்போது இடிக்கும் தரப்பின் குரல் ஓங்கிவிடுகிறது.

உடம்பு தன்னையே ஏன் இடிக்க வேண்டும்? ஏரிக்கரையில் உடைப்பெடுத்த ஊரை நினைத்துப் பாருங்கள். நடுராத்திரியில் ஊரே திரண்டு வைக்கோல் போரைப் பிரிக்கும், வேலியைப் பிடுங்கும், கதவைக்கூடக் கழற்றும். கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டுபோய் உடைப்பில் திணிப்பார்கள். காலையில் வீடுகளைப் பார்த்தால் சூறையாடியது போல இருக்கும். ஆனால் ஊர் பிழைத்திருக்கும். கடும் நோயில் உடம்பு செய்வதும் இதுதான். தசையை உடைத்து வரும் அமினோ அமிலங்கள் காயத்துக்கும், கிருமியோடு மோதும் வெள்ளணுக்களுக்கும், கல்லீரல் அவசரமாகத் தயாரிக்கும் தற்காப்புப் புரதங்களுக்கும் போகின்றன. மிச்சத்தைக் கல்லீரல் குளுக்கோஸாக மாற்றிக்கொள்கிறது. இந்த உதாரணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பட்டினியில் நடப்பது வேறு. அதையும் இதையும் ஒன்றாக நினைப்பதால்தான் ‘நன்றாகக் கொடுத்தால் தேறிவிடுவார்’ என்ற எண்ணம் வருகிறது. தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி 1956-ல் விருதுநகரில் உண்ணாநோன்பு இருந்த சங்கரலிங்கனார், அறுபது வயதைக் கடந்தவர், எழுபது நாளுக்கு மேல் உயிரோடு இருந்தார். நோயில்லாத உடம்பு பட்டினியில் சிக்கனத்துக்குப் பழகிக்கொள்கிறது: சில நாட்களில் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற மாற்று எரிபொருளை உண்டாக்கி, மூளையையே அதற்குப் பழக்கி, தசையை முடிந்தவரை தொடாமல் வைக்கிறது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு எழுபது, எண்பது கிராம் புரதம் கரையும். சில வாரங்களில் அது இருபது கிராம் அளவுக்கு இறங்கிவிடும். கடும் தொற்றிலோ பெரும் தீக்காயத்திலோ இந்தச் சிக்கனம் வருவதே இல்லை. கொழுப்பு கிலோக் கணக்கில் கையிருப்பு இருந்தாலும் தசைதான் முதலில் கரைகிறது. ஆள் குண்டாகத்தான் இருக்கிறார், தாங்கும் என்று சொல்வது இதனால்தான் தப்பு.

இதைக் கணக்குப் போட்டு முதலில் காட்டியவர்களில் முக்கியமானவர் டேவிட் கத்பர்ட்சன். 1930 வாக்கில் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில் வேலை பார்த்த உயிர்வேதியியல் மருத்துவர். கால் எலும்பு முறிந்து படுத்திருந்தவர்களின் சிறுநீரைச் சேகரித்து அதிலிருந்த நைட்ரஜனை அளந்தார். புரதம் உடைந்தால் அதன் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போகும். எனவே வந்ததைக் கழித்துப் போனதைப் பார்த்தால் உடம்பின் வரவுசெலவு தெரியும். ஒரு கிராம் நைட்ரஜன் என்றால் ஆறேகால் கிராம் புரதம், தண்ணீரோடு சேர்த்துச் சுமார் முப்பது கிராம் தசை. முறிந்தது ஒரு காலில்தான். இழப்போ அந்தக் காலின் காயம் தரக்கூடியதைவிட மிக அதிகம். உடம்பு முழுவதுமே கரைகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். அடிபட்டவுடன் உடம்பு அடங்கிக் கிடக்கும் கட்டம், பிறகு கொதித்தெழும் கட்டம் என்று இரண்டாகப் பிரித்து 1942-ல் அவர் எழுதியதை இன்றைக்கும் ஐ.சி.யூ. பாடத்தில் சொல்லித் தருகிறார்கள்.

நம் காலத்துக்கு வந்தால் சிறுநீரை மட்டும் நம்ப வேண்டியதில்லை. லண்டனில் 63 ஐ.சி.யூ. நோயாளிகளின் தொடையை அல்ட்ராசவுண்டில் அளந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பத்தே நாளில் தொடைத் தசையின் குறுக்குவெட்டு சராசரியாக 17.7 சதவீதம் சுருங்கியிருந்தது. ஐ.சி.யூ. வாசலில் அந்த மகன் கண்ணால் பார்த்ததும் இதைத்தான். அவர் மிகைப்படுத்தவில்லை.

கட்டளை கொடுத்துப் பார்த்த கதை

இடி என்ற சத்தம் ஓங்கி இருக்கிறது, கட்டு என்ற சத்தம் எடுபடவில்லை. அப்படியானால் கட்டும் ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தால்? யாருக்கும் தோன்றும் யோசனைதான். மருத்துவர்களுக்கும் தோன்றியது. வசதிதான் இல்லை. வளர்ச்சி ஹார்மோனை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்துதான் எடுக்க முடியும். வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கே அது போதவில்லை. அதோடு அந்த மருந்து வழியாகச் சிலருக்கு மூளையைத் தின்னும் குரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் பரவியது தெரியவந்து, 1985-ல் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு பாக்டீரியாவில் தயாரித்த வளர்ச்சி ஹார்மோனுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. திடீரென்று எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும் என்ற நிலை.

அடுத்த பத்தாண்டுகளில் ஏராளமான சிறிய ஆய்வுகள் நடந்தன. அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கும் தீக்காயக்காரர்களுக்கும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். நைட்ரஜன் கணக்கு அழகாக மேலேறியது. தீக்காயக் குழந்தைகளுக்குத் தோல் எடுத்த இடம் சீக்கிரம் ஆறியது. ஐ.சி.யூ.விலும் பல மருத்துவர்கள் இதை நம்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். குறை சொல்வதற்கில்லை, காகிதத்தில் எல்லாமே சரியாக இருந்தது.

ஒரே ஒரு விஷயம் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். கடும் நோயின் முதல் நாட்களில் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருக்கிறது. குறைந்திருப்பது ஐ.ஜி.எஃப்.-1. அதாவது பிட்யூட்டரி கத்திக்கொண்டுதான் இருக்கிறது. கல்லீரல் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டினியிலும் இதே காது மந்தம் உண்டு. இது பழுதா, அல்லது உடம்பு தெரிந்தே செய்யும் ஏற்பாடா? பழுது என்று எடுத்துக்கொண்டவர்கள் இன்னும் உரக்கக் கத்தினால் கேட்கும் என்று நினைத்தார்கள்.

1999 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் பதில் வந்தது. பின்லாந்தைச் சேர்ந்த யுக்கா டக்காலாவும் சக மருத்துவர்களும் ஒரே மாதிரியான இரண்டு சோதனைகளை இணையாக நடத்தியிருந்தார்கள். ஒன்றில் பின்லாந்தில் 247 பேர், மற்றதில் வேறு ஐரோப்பிய நாடுகளில் 285 பேர். இதய அறுவை, வயிற்று அறுவை, பெரும் விபத்து, மூச்சுத் திணறல் என்று ஐ.சி.யூ.வில் ஐந்து முதல் ஏழு நாள் கழித்தும் தேறாமல் கிடந்தவர்கள். பாதிப் பேருக்கு வளர்ச்சி ஹார்மோன், மீதிப் பேருக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. கொடுத்த அளவு பெரியது: ஹார்மோன் குறைபாடுள்ள பெரியவருக்குத் தருவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல்.

வெறும் ஊசி போட்டவர்களில் பின்லாந்தில் 20 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஹார்மோன் போட்டவர்களில் 39 சதவீதம். மற்ற நாடுகளில் 18-க்கு 44.

உதவும் என்று கொடுத்த மருந்து சாவை இரண்டு மடங்காக்கியிருந்தது. ஒரு சோதனையில் மட்டும் இப்படி வந்திருந்தால் தற்செயல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இரண்டும் ஒன்றையே சொன்னதால் வழியில்லாமல் போயிற்று. பிழைத்தவர்களும் ஹார்மோன் போடாதவர்களைவிட அதிக நாள் மருத்துவமனையில் கிடந்தார்கள். நோயின் கொதிநிலையில் இருப்பவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுக்கும் பழக்கம் அத்தோடு நின்றது.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. எனக்கு மனதில் நிற்பது ஏரிக்கரையோடு பொருந்துகிற ஒன்று. உடைப்பு இன்னும் அடைபடவில்லை. அதற்குள் ஒருவர் வந்து, “வைக்கோலைத் திரும்பக் கொண்டு போய்ப் போர் போடுங்கள், கதவை மாட்டுங்கள்” என்று அதட்டுகிறார். வீடு அழகாகிறது, கரை போய்விடுகிறது. வளர்ச்சி ஹார்மோன் அமினோ அமிலங்களை, முக்கியமாகக் குளுட்டமினை, தசையிலேயே தேக்கி வைத்ததால் குடலுக்கும் எதிர்ப்புச் செல்களுக்கும் தட்டுப்பாடு வந்திருக்கலாம் என்பது அந்த விளக்கம். கூடுதல் சாவுகளில் பல கட்டுக்கடங்காத தொற்றாலும், உறுப்புகள் அடுத்தடுத்துச் செயலிழந்ததாலும் நேர்ந்தன. அது இதற்கு ஒத்துப் போகிறது. வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினை உடம்பு மதிக்காமல் செய்து சர்க்கரையை ஏற்றும் என்பது இன்னொன்று. (அப்படியானால் குளுட்டமினையே கொடுத்துவிடலாமே என்று அடுத்து முயன்றார்கள். உறுப்புகள் செயலிழந்த நிலையில் இருந்தவர்களுக்கு அதிக அளவில் கொடுத்த 2013 ஆண்டு சோதனையில் அங்கேயும் சாவு கூடியது. உடம்பு சும்மா எதையும் செய்வதில்லை என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்வார், அப்போது புரியவில்லை.)

இந்தச் சோதனையில் மருத்துவம் தெரியாதவரும் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. நைட்ரஜன் கணக்கு நன்றாக இருப்பதும் ஆள் நன்றாக இருப்பதும் ஒன்றென்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். எண்ணைத் திருத்துவது சுலபமாக இருந்தது, ஆளைத் திருத்துவதுதான் கைகூடவில்லை. நம்மூரில் அல்புமின் பாட்டில் வாங்கி வரச் சொல்லும்போது எனக்கு இது ஞாபகம் வரும். ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம் அது. கடும் நோயில் அல்புமின் குறைவது பெரும்பாலும் அழற்சியால். சாப்பாடு குறைந்ததால் என்பது அரிதாகத்தான். சில குறிப்பிட்ட நிலைகளில் அல்புமின் ஏற்றுவது உண்மையிலேயே தேவை. ஆனால் ரிப்போர்ட்டில் எண் குறைவாக இருக்கிறதே, சத்தாக இருக்கட்டும் என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பது வீண். அது சாப்பாடு கிடையாது. குளுக்கோஸ் பாட்டிலும் அப்படித்தான்: ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, சுமார் 85 கலோரி. இரண்டு இட்லிக்கு எட்டாது. புரதம் துளியும் கிடையாது.

இன்சுலின் கதையும் ஏறத்தாழ இதே பாதையில் போயிற்று, இவ்வளவு விபரீதமாக இல்லை. 2001-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக மருத்துவமனையில், அறுவை சிகிச்சை ஐ.சி.யூ.வில் 1548 பேரைச் சோதனையில் சேர்த்து, அதில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை 80-க்கும் 110-க்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தார்கள். ஐ.சி.யூ. சாவு 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைந்தது. உலகமே பின்தொடர்ந்தது. 2009-ல் ஆறாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற பன்னாட்டுச் சோதனையில், இறுக்கிப் பிடித்த பக்கம் 27.5 சதவீதமும், 180-க்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்ட பக்கம் 24.9 சதவீதமும் இறந்திருந்தார்கள். சர்க்கரை அபாயமாக இறங்கிப் போவதும் இறுக்கிய பக்கமே அதிகம். இன்று பெரும்பாலான ஐ.சி.யூ.க்கள் 180-ஐத்தான் கோடாக வைத்திருக்கின்றன.

கொதிப்பு அடங்கிய பிறகு

அப்படியானால் கட்டும் ஹார்மோன்கள் நோயாளிக்கு ஆகவே ஆகாதா? ஆகும், வேளையும் ஆளும் பொருந்தினால். எய்ட்ஸில் உடல் உருகிப் போனவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் 1996-லும், குடலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு 2003-லும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. குடல் குட்டையானவர்களுக்கு இப்போது அதைவிடப் பொருத்தமானது டெடுகுளுடைட். சாப்பாடு வந்ததும் குடலே சுரக்கும் ஜி.எல்.பி.-2 என்ற வளர்ச்சிக் காரணியின் சாயலில் செய்த மருந்து. குடல் உறிஞ்சிகளை நீளச் செய்து, நரம்பு வழி உணவை நம்பியிருப்பவர்களை மெல்ல அதிலிருந்து விடுவிக்கிறது. 2012-ல் வந்தது. வளர்ச்சிக் காரணி என்றாலே எனக்கு இதுதான் நல்ல உதாரணம். ஊர் முழுக்கத் தண்டோரா போடாமல், எந்தத் தெருவில் வேலை இருக்கிறதோ அங்கே போய்ச் சொல்கிறது.

தீக்காயம் தனி உலகம். உடம்பில் நாற்பது சதவீதத்துக்கு மேல் எரிந்தவர்களுக்கு ஓய்வில் இருக்கும்போதே உடம்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு எரிபொருளைச் செலவழிக்கும். அது வாரக் கணக்கில் அடங்காது. ஆண்டுக்கு மேல்கூட மிச்சம் நீடிக்கும். இங்கே ஆக்சாண்ட்ரோலோன் என்ற மாத்திரை, டெஸ்டோஸ்டிரோனின் தம்பி, நெடுநாள் பயன்பட்டது. பெரியவர்களுக்கு நாளுக்கு இரு வேளை, பத்துப் பத்து மில்லிகிராம். மருத்துவமனையில் கிடக்கும் நாட்களைக் குறைத்தது. கல்லீரலை அவ்வப்போது சோதிக்க வேண்டும். ஆனாலும் கல்லீரல், கொழுப்பு சார்ந்த அபாயங்களைக் கருதி 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் அனுமதியைத் திரும்பப் பெற்றது.

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு ஒரு மருந்து. ப்ரோப்ரனோலால். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் விலை மலிவான பழைய மாத்திரை. டெக்சாஸ் கால்வெஸ்டனில் டேவிட் ஹெர்ண்டன் குழு, பெரும் தீக்காயம் பட்ட 25 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வை 2001-ல் வெளியிட்டது. மருந்து கொடுத்த குழந்தைகளின் இதயத் துடிப்பை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும் அளவுக்குக் கொடுத்தார்கள். தசை கரைவது நின்று சேர ஆரம்பித்தது. கட்டுகிறவரைக் கூட்டி வராமல், இடிக்கச் சொல்லும் அட்ரினலினின் குரல் காதுக்குப் போகாதபடி கதவைச் சாத்தினார்கள், அவ்வளவுதான். தீக்காய அறையை முப்பது டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக வைப்பதும், வலியை அடக்குவதும், கருகிய தோலைச் சீக்கிரம் அகற்றுவதும் இந்த வகையில் சேரும். இவற்றை யாரும் ‘சத்து சிகிச்சை’ என்று சொல்வதில்லை. என் கணக்கில் இவைதான் முதல் தரமான சத்து சிகிச்சை.

தெம்பு ஊசி

நம்மூரில் இதன் இன்னொரு முகம் நான்ட்ரோலோன். மெலிந்தவர்களுக்கும் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்களுக்கும் தெம்பு ஊசி என்ற பெயரில் போடும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது; இன்னும் ஒழிந்தபாடில்லை. டெஸ்டோஸ்டிரோன் குடும்பத்தைச் சேர்ந்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தசோகை போன்ற சில இடங்களில் அதற்கு மருத்துவப் பயன் இருந்திருக்கிறது. காய்ச்சல் விட்ட உடம்புக்கு அது வேண்டியதில்லை. பெண்களுக்குக் குரல் தடித்தால் ஊசியை நிறுத்திய பிறகும் பழையபடி திரும்பாமல் போகலாம். குழந்தைகளுக்கு எலும்பு முனைகள் சீக்கிரம் மூடி உயரம் நின்றுவிடலாம். இளைஞர்களுக்கு விந்தணு உற்பத்தி படுத்துவிடும். ஜிம்மில் டெக்கா என்று செல்லப் பெயர் வைத்துப் போட்டுக்கொள்பவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம். “போட்டதும் பசி எடுத்துச்சு, எடை கூடுச்சு” என்பார்கள். கூடியதில் தண்ணீரின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சரி, அந்த மகனிடம் நான் என்ன சொன்னேன்? ஊசி இல்லை என்றுதான். ஆனால் செய்வதற்கு நிறைய இருந்தது. கடும் நோயில் முதல் சில நாட்கள் உணவை அள்ளிக் கொட்டாமல் படிப்படியாக ஏற்றுவதே இன்றைய முறை. புரதம் மெல்ல மெல்லக் கிலோவுக்கு 1.2, 1.3 கிராம் அளவுக்குப் போகும். இன்னும் கூட்டினால் இன்னும் நல்லதா என்று 1,301 பேரிடம் சோதித்து 2023-ல் முடிவு வெளியிட்டார்கள்: 2.2 கிராமுக்கு மேல் கொடுத்ததால் பலன் இல்லை, சிறுநீரகம் அடிபட்டிருந்தவர்களுக்குக் கெடுதலாகவே தெரிந்தது. பல நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்சுலின் ஒரேயடியாகச் சுரந்து, ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்களுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும், இதயம் தடுமாறும். கட்டும் ஹார்மோன் உடம்பிலேயே சுரந்தாலும் வேளை தப்பினால் ஆபத்துதான்.

அடுத்தது அசைவு. நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவான தசை போயிருந்தது. தசையை இழுத்து வேலை வாங்கும்போது அந்தத் தசையே தனக்குள் ஐ.ஜி.எஃப்.-1 சுரந்துகொள்கிறது, வந்து சேரும் அமினோ அமிலங்களையும் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது. எந்தத் தசைக்கு வேலையோ அதற்கு மட்டும், உடம்பு தாங்குகிற அளவுக்கு. இதைக் கடையில் வாங்க முடியாது. பிசியோதெரபிஸ்ட் வந்து காலை மடக்கி நீட்டச் சொல்லும்போது “பாவம், தூங்கட்டுமே” என்று உறவினர்கள் தடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறுக்காது.

வீட்டுக்குப் போன பிறகு நடப்பது பெரும்பாலும் கஞ்சி ராஜ்யம். அரிசிக் கஞ்சி, ரசம் சாதம், ரொட்டி, இளநீர். செரிக்கட்டும் என்ற கரிசனம்தான், ஆனால் கொதிப்பு அடங்கி உடம்பு கட்ட ஆரம்பிக்கும் வாரங்களில் செங்கல்லை நிறுத்தி வைக்கும் காரியம் அது. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு இந்தக் காலத்தில் அறுபது முதல் எழுபத்தைந்து கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறு கிராம், ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் ஆறு, ஏழு, நூறு கிராம் மீனிலோ கோழியிலோ இருபது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ரசம் சாதம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அந்த அப்பா பதினாறாவது நாள் வார்டுக்கு வந்தார். இன்னும் ஒல்லியாகவே இருந்தார், தொடை என் முழங்கை அளவுக்கு இருந்தது. காய்ச்சல் விட்டிருந்தது, சர்க்கரை தானாக இறங்கியிருந்தது. நான் சார்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மகன் கொஞ்சம் கவலையாகக் கேட்டார்: “மேடம், காலைல எந்திரிச்சதுலேர்ந்து நார்த்தங்காய் ஊறுகாய் வேணும்னு அம்மாகிட்ட அடம் பிடிக்கிறாரு. கொடுக்கலாமா?” உடம்பு திரும்பிவிட்டது என்பதற்கு எந்த ரத்தப் பரிசோதனையையும்விட எனக்குப் பிடித்த அடையாளம் இதுதான். ஒரு சிறு துண்டு கொடுங்கள், கூடவே முட்டையும் இருக்கட்டும் என்றேன்.